என் வைஃபைக்கு ஏழு மணிக்கு வருபவள்

நம்ப முடியாதவர்கள் ஹட்டனில் பஸ் ஏறி மஸ்கெலியாவுக்கு வாருங்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் போன் திருத்தும் கடை என்னுடையதுதான். றோலண்ட் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய் ரவுட்டரையும், அதில் யார் யார் வந்து போகிறார்கள் என்பதையும் உங்கள் கண் முன்னால் திறந்து காட்டுகிறேன். கதை கட்டிச் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மாலை ஏழு மணிக்கு முன்பே பார்த்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

நான் இருப்பது டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒட்டினாற்போல வரிசையாக ஆறு காம்பரா வீடு. எந்தக் காம்பராவிலும் போன் சிக்னல் கிடையாது. நான்தான் கூரைக்கு மேல் குழாய் நட்டு, அன்டெனா கட்டி, வயரை உள்ளே இழுத்து, உள் அறையில் ரவுட்டரை மாட்டினேன். வீட்டில் நான், மனைவி சுதர்ஷினி, எட்டு மாதத்தில் ஒரு மகன். எங்கள் மூன்று பேருக்கு எதற்குப் பாஸ்வேர்டு என்று போடாமல் விட்டிருந்தேன். அது என் சோம்பல். சோம்பலைத் தரும காரியம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

ஒரு நாள் மாலை மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஓவர். பந்து போடக் கை தூக்கியவன் தூக்கியபடியே நின்றுவிட்டான். படம் நகரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் ரவுட்டருக்கான செயலியைத் திறந்து, யார் என் லைனில் இருப்பது என்று பார்த்தேன்.

'லோஜினி' என்று ஒரு போன்.

பக்கத்துக் காம்பரா அழகன் அண்ணனின் மகள். பத்தொன்பது வயது. பின்பக்கம் போனேன். எங்கள் சுவரில் முதுகைச் சாய்த்து, பனிக்குள் நின்று, போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். திரையில் அவள் அம்மா சண்முகவடிவு. ஜோர்தானில் வீட்டு வேலை. அங்கே மேடம் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான் போனைக் கையில் கொடுப்பாளாம். அது நமக்கு மாலை ஏழு மணி. மூன்று வருடமாகத் தாய்க்கும் மகளுக்கும் இருந்தது அந்தப் பதினைந்து நிமிடம் மட்டும்தான்.

"யாரக் கேட்டு எடுத்த?"

"பூட்டு போடலயே அண்ணே... பீலித் தண்ணி மாதிரி எல்லாருக்கும்னு நெனச்சேன்."

"பீலி தோட்டத்தோடது. எல்லாரும் குடம் வைக்கலாம். இது என்னோடது. கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு களவு."

"பதினஞ்சு நிமிசந்தான் அண்ணே..."

திரையில் அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

மறுநாள் கடைக்கு ஒரு சட்டத்தரணியின் கிளாக்கர் வந்தார். அவரிடம் நியாயம் கேட்டேன். "தொறந்து கெடந்தத எடுத்தா கேஸ் நிக்குமா நிக்காதான்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க பூட்டிட்டீங்கன்னா ஒங்க பக்கம் பலம்" என்றார். அன்றைக்கே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன்.

லோஜினி இரண்டு தடவை வாசலுக்கு வந்தாள். அந்தப் பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்கள், ஏழே கால் ஆனதும் போனையே அணைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள். "மேல டேங்கடியில சிக்னல் இருக்கு. அங்க போய்ப் பேசு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். என் பொருளை நான் பூட்டினேன். இன்றைக்கும் அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் டேங்க் தேயிலை மலைக்கு மேலே, பாறை மீது இருக்கிறது. நாலு நாள் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். ஐந்தாம் நாள் மழை. எட்டு மணி ஆகியும் ஆள் வரவில்லை. லயமே டோர்ச் எடுத்துக்கொண்டு தேடியது. பாறைக்குக் கீழே தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தாள். பின் தலை கல்லில் பட்டிருந்தது. போனுக்கு ஒரு கீறல் இல்லை. கைக்குள் வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது.

பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன். மழை பெய்ததற்கு நானா பொறுப்பு?

தாய்க்கு யாரும் சொல்லவில்லை. எக்ரிமென்ட் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. "தெரிஞ்சா அங்கயே எதையாச்சும் பண்ணிக்குவா. ஒருத்தரும் மூச்சு விடாதீங்க" என்று அழகன் அண்ணன் லயத்துக்கே கை எடுத்துக் கும்பிட்டார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது.

அதற்கு அடுத்த நாள். ஏழு மணி. மேட்ச் படம் நின்றது. செயலியைத் திறந்தேன். என் போன். சுதர்ஷினியின் போன். மூன்றாவதாக...

லோஜினி.

எவனோ அவள் போனை எடுத்து வைத்துக்கொண்டு விளையாடுகிறான் என்று நினைத்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். பெயர் போகவில்லை. ஏழே காலுக்குத் தானாக மறைந்தது. மறுநாள் ஏழுக்கு மறுபடியும் வந்தது. ஒரு வாரம் தினமும் பாஸ்வேர்டை மாற்றினேன். ஒரு வாரமும் வந்தது.

அழகன் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, லோஜினி போன் யாருகிட்ட இருக்கு?"

"அவகிட்டதான் தம்பி."

"என்ன சொல்றீங்க?"

"கையில இருந்து எடுக்க முடியல. அப்படியே பொட்டியில வச்சு மூடிட்டோம்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மத்தியானம் மேடம் போன வச்சுட்டு வெளிய போயிருவா, அப்ப டவுன்ல இருந்து அவ அம்மாகிட்ட பேசுவேன். புள்ள வலப்பனையில பெரியம்மா வீட்டுல, அங்க சிக்னல் இல்லன்னு சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு வெள்ளி கேட்டு அழுதா. போன வெள்ளி கேக்கவே இல்ல தம்பி. சிரிச்சுப் பேசுறா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அன்று மாலை டிவியைப் போடவில்லை. காத்திருந்தேன்.

ஏழு மணி.

சர்ர்ர்... சர்ர்ர்...

பின் சுவரில் யாரோ முதுகை உரசுகிற சத்தம்.

"ஹலோ... அம்மா... கேக்குதா..."

பின்கதவைத் திறந்தேன். பனி. ஆள் இல்லை. சுவரில் தோள் உயரத்துக்கு ஈரம். அன்று ஒரு சொட்டு மழை இல்லை.

உள்ளே ஓடி ரவுட்டரின் சுவிட்சை அணைத்தேன்.

டக்... டக்... டக்...

சுவரைத் தட்டினாள்.

"அம்மா... பூட்டிட்டாங்கம்மா... கேக்கலம்மா..."

அழுகை. சின்னப் பிள்ளை போல விக்கி விக்கி அழுகை. சுதர்ஷினி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை.

டக்... டக்... டக்... டக்...

சுவிட்சைப் போட்டேன். பாஸ்வேர்டை நீக்கினேன்.

"இந்தா! தொறந்துட்டேன்! வெளிய நின்னு அழாத!"

சத்தம் நின்றது.

அதற்குப் பிறகு தட்டல் இல்லை. அழுகை இல்லை. பின் சுவரும் காய்ந்துவிட்டது. ஏழுக்கு அந்தப் பெயர் வரும், ஏழே காலுக்குப் போகும். மேட்ச்கூட நிற்காமல் ஓடியது. பதினைந்து நிமிடத்தோடு பேய் அடங்குகிறதென்றால் அடங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் இப்படியே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் இருக்கிறேன். வெளிநாட்டு நம்பரில் இருந்து வாட்ஸ்அப் கோல்.

"றோலண்ட் தம்பியா? நான் லோஜினி அம்மா பேசுறேன்."

"...என் நம்பர் யாரு குடுத்தா?"

"லோஜினிதான். அன்னைக்கு நீங்க ஏசுனப்ப எனக்கு வயிறு எரிஞ்சது தம்பி. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப நீங்களே தொறந்து விட்டீங்களாமே. புள்ள பனியில நிக்காம பேசுது. நல்லா இருப்பீங்க."

கடையில் யாரும் இல்லை. ஷட்டருக்கு வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அழகன் அண்ணன் கும்பிட்டுக் கேட்டதையும் மறந்துவிட்டேன்.

"அக்கா... லோஜினி செத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

லைன் அறுந்துவிட்டதா என்று பார்த்தேன். அறுபடவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"அவ சொன்னா." குரல் மாறியிருந்தது. "திருப்பிப் பூட்டுறதுக்காக நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுவீங்கன்னு நேத்தே சொன்னா."

"சத்தியமா அக்கா... பொட்டிய நானே தூக்குனேன்..."

"செத்த புள்ளையா ஒங்க மகன மடியில வச்சு ஆட்டிக்கிட்டு எங்கூட பேசுது? தெனமும் என் கண்ணால பாக்குறேன்."

கோல் அறுந்தது.

கடையைப் பூட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. வீட்டுக்கு ஓடினேன். மகன் முன் அறையில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

"ஏழு மணிக்கு இவன எங்க விடுற?" என்று சுதர்ஷினியிடம் கேட்டேன்.

"உள் அறையிலதான். தொட்டில்ல போட்டுட்டு நான் ரொட்டி சுடப் போயிருவேன். ஏன்?"

"அழ மாட்டானா?"

"முன்னாடி கத்தி ஊரக் கூட்டுவான். இப்ப ரெண்டு வாரமா சத்தமே இல்ல. சிரிச்சுக்கிட்டே தூங்கிர்றான். கை காலு மட்டும் ஐஸ் மாதிரி இருக்கு, போர்வ போட்டா ஒதறிர்றான்."

அன்று மாலையே மகனைத் தூக்கிக்கொண்டு ஹட்டனில் மாமியார் வீட்டுக்குப் போனோம். அங்கே வைஃபை கிடையாது. ஏழு மணிக்கு அழ ஆரம்பித்தான். பால் வேண்டாம், தாய் வேண்டாம், கையைக் கதவுப் பக்கம் நீட்டி நீட்டி, முகம் நீலமாகி, மூச்சு நின்று நின்று வந்தது. மூன்று இரவும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

நாலாம் நாள் லயத்துக்குத் திரும்பி வந்தோம். ஏழு மணிக்கு அவனைத் தொட்டிலில் போட்டு, உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் இருவரும் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு சத்தம் இல்லை.

இன்று வரை நான் பாஸ்வேர்டு போடவில்லை.