உறை மாறிய பத்து கம்ப்யூட்டர்

கோட்டும் டையுமாக மலையேறுகிற மனுஷனைப் பார்த்ததுண்டா? கொரியாவில் மாசான் என்கிற துறைமுக ஊரில் சூ ப்யோங்தேக் தினமும் ஏறினார். கப்பல் கம்பெனியில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தவர். கம்பெனி திவாலாகி வேலை போனது அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று வீம்பு. காலையில் ஆபீஸுக்குப் போகிறவர் மாதிரி கிளம்பிப்போய், சாயங்காலம் வரை மலையில் உட்கார்ந்துவிட்டு வருவார். நல்ல கூத்து!

பெண்டாட்டி ஓக்பூன் அப்படி உட்காருகிற ரகம் இல்லை. சந்தைக்கு எதிரே மாடியில் கம்ப்யூட்டர் கேம் கடை போட்டாள். பத்து கம்ப்யூட்டர் புதுசு. மீதிப் பத்து, புருஷன் வேலை பார்த்த அதே கம்பெனி ஏலத்தில் விட்டது.

பரீட்சை முடிந்த மத்தியானம் வந்தது வினை. இரண்டு பள்ளிக்கூடத்துப் பையன்கள் பந்தயம் கட்டிக்கொண்டு வந்து, ஒரு கட்சி புதுசிலும் ஒரு கட்சி பழசிலும் உட்கார்ந்தார்கள். புதுசில் ஆட்டத்தைத் திறந்தால் பழசில் அது தெரியவேயில்லை.

"அக்கா, எதிர் வரிசையில ஒருத்தனும் தெரியல. சுவத்தோடயா சண்டை போடறது?"

புதுசை விற்றவன் வந்து வயரை இழுத்துப் பார்த்து, "வயர் நல்லாத்தான் இருக்கு" என்று நழுவிவிட்டான். பையன்கள் பக்கத்துத் தெருக் கடைக்குப் போக எழுந்தார்கள். இன்றைக்குப் போனால் அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். "கொஞ்சம் இருங்கடா" என்று கெஞ்சிவிட்டு ஓக்பூன் மலைக்கு ஓடினாள்.

"ஏங்க, எந்திரிங்க. கடையில புதுசும் பழசும் ஒண்ணுக்கொண்ணு தெரியல."

"அங்க நம்ம கட்டடத்துப் பையன் எவனாவது இருப்பான். என்னைப் பாத்தா..."

"பாக்கட்டுமே! கொலையா பண்ணிட்டீங்க? கடையும் போச்சுன்னா ரெண்டு பேருமா இங்க வந்து உக்காந்துக்கலாமா?"

வந்தார். பழசு ஒன்றைத் திறந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யாருங்க இப்படி வச்சுத் தொலைச்சது?" என்றாள் ஓக்பூன்.

"நான்தான்."

கம்ப்யூட்டர் எந்தச் சேதியையும் ஓர் உறையில் போட்டுத்தான் வயரில் விடும். உறையில் இரண்டு மூன்று வகை உண்டு. கம்பெனி சர்வர், 'நான் இங்கே இருக்கிறேன், ஃபைல் இருக்கு, பிரிண்டர் இருக்கு' என்று நிமிஷத்துக்கொரு தரம் பழைய உறையில் கூவும். அதைக் கேட்கத்தான் கம்பெனியில் இருந்தபோது அவர் இந்தப் பத்தையும் அந்த உறைக்கே கட்டிப்போட்டிருந்தார். புதுசு வேறு உறை. 'இங்கே ஆட்டம் இருக்கு, வா' என்று அது கூவுவது பழசு வரைக்கும் வருகிறது. உறை வேறென்றதும் பழசு அதைப் பிரிக்காமலே எறிந்துவிடுகிறது.

"அந்த சர்வர்தான் எப்பவோ போயிடுச்சேங்க."

"போயிடுச்சு" என்றார். ஒவ்வொன்றிலும் உறையை மாற்றி, அணைத்துத் திரும்பப் போட்டார். பழைய வரிசையில் ஆட்டத்தின் பெயர் தெரிந்ததும் பையன்கள் ஹோவென்று கத்தினார்கள்.

அதில் ஒருத்தன் திரும்பினான். மேல்வீட்டுப் பையன் சங்கியூ.

"மாமா, இன்னிக்கு ஆபீஸ் இல்லையா?"

அவன் அம்மாவுக்குத் தெரிந்தால் கட்டடத்துக்கே தெரிந்த மாதிரி. லீவு என்று ஒரு பொய் ஓக்பூன் வாய்வரை வந்துவிட்டது.

"ஆபீஸே இல்லடா. வேலை போயி ரொம்ப நாளாச்சு" என்றார் ப்யோங்தேக், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இனிமே இங்கதான் இருப்பேன்."

ஓக்பூனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப சரி மாமா, இந்த மவுஸ் நகரமாட்டேங்குது" என்றான் பையன். ப்யோங்தேக் அதை வாங்கி, அடியிலிருந்த உருண்டையைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.