அண்ணாச்சி கடையின் இரண்டாவது ஹார்டிஸ்க்

நேற்றுக் காலை என் மச்சினனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. என்னைவிட ஒரு சுற்றுப் பெரிய ஆள், திருப்பி அடித்தால் நான்தான் விழுவேன். விஷயம் இதுதான். அந்தமானில், கராச்சர்மாவில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எங்கிருந்தோ பொறுக்கி வந்த பழைய ஹார்டிஸ்க் ஒன்றை இரண்டாவதாக மாட்டியிருக்கிறான். பாட்டு வைக்க இடம் போதவில்லையாம். நான் பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மினுக் மினுக் என்றது. பெட்டிக்குள்ளிருந்து டக், டக், டக். மேற்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கேட்டதும் இடது கைச் சுண்டுவிரலில் வலி வந்தது. ஒடிந்து, கோணலாகக் கூடிய விரல் அது. டீ கிளாஸைப் பிடித்தால் அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். பார்ப்பவர்கள் நான் ஏதோ நாசூக்காகக் குடிப்பதாக நினைப்பார்கள். எனக்கும் நாசூக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

கப்பல் வந்து நிற்கிற ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போகிற சாலையில் அண்ணாச்சியின் கடை இருந்தது. போட்டோ, நகல், டைப்பிங், எல்லாம் ஒரே அறையில். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. கடைக்குள் எப்போதும் ஒரு வாடை இருக்கும்: உப்புக்காற்றில் நனைந்த தூசி சூடாகும் வாடை. இந்தத் தீவில் எதுவும் நேராகச் சாகாது, துருப்பிடித்துத்தான் சாகும். பெட்டியின் திருகாணிகளைத் தொட்டால் விரல் செம்மண் நிறமாகும்.

அப்போது கடலுக்கடியில் கேபிள் வரவில்லை. நெட் என்பது பேருக்கு இருந்தது. ஒரு போட்டோவை அனுப்பிவிட்டு டீ குடித்து வந்தால் பாதி போயிருக்கும். அதனால் எங்களுக்குப் படமும் சீரியலும் கப்பலில் வந்தன. சென்னைக் கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவர், பயணத்துக்குப் பயணம் ஒரு ஹார்டிஸ்க்கை நிரப்பிக்கொண்டு வருவார். அண்ணாச்சி அதை வாங்கிக் கடையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் இரண்டாவதாக மாட்டுவார். மறுநாள் பென் டிரைவோடு ஊரே வந்து நிற்கும். பெங்காலி அக்காக்கள், தெலுங்கு மீன்காரர்கள், சௌல்தாரியிலிருந்து பஸ் ஏறி வந்த நம் ஆட்கள். மெயின்லேண்டில் செத்துப்போன சீரியல் மாமியார் எங்கள் ஊரில் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்து மருமகளைக் கொடுமைப்படுத்துவாள்.

அந்த ஹார்டிஸ்க்தான் சனியன். கப்பலில் உப்பு குடித்து உப்பு குடித்து அது பாதி செத்திருந்தது. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது முதலில் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தட்டிப் பார்க்கும். எல்லாரும் பதில் சொன்னால்தான் மேலே போகும். இது லேசில் பதில் சொல்லாது; சில நாள் ஒரு மணி நேரம்கூட ஆகும். டக், டக் என்று தலையை முட்டிக்கொள்ளும். அதுவரை மொத்தப் பெட்டியும் காத்துக் கிடக்கும். செட்டிங்கில் போய் அதை ஒதுக்கலாம் என்றால், செட்டிங் திரை வருவதற்கே அது வழி விட வேண்டும். வைத்தியம் சுலபம். வயரைப் பிடுங்கினால் போதும்.

ஒருமுறை பிடுங்கினேன். அண்ணாச்சி என் கன்னத்தில் அறைந்தார். இதற்கு முன்னால் ஒரு ஹார்டிஸ்க்கைக் கழற்றி மாட்டியபோது அது திரும்ப வரவே இல்லையாம். அதிலிருந்து அவருக்கு ஒரு பயம். மாட்டினால் அடுத்த கப்பல் வரை கழற்றக் கூடாது. இன்னொரு முறை நான் கை வைத்தபோது ஸ்டேப்ளரை எறிந்தார், காது கிழிந்தது.

"ஏலே, இனி அதுல கைய வச்சேன்னா கைய முறிச்சிருவேன்" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. பெட்டியின் பின்பக்கத்தில் ஓட்டை போட்டு ஒரு சின்னப் பூட்டைத் தொங்கவிட்டார். சாவி அவர் அரைஞாணில். கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட்ட மனுஷனை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

ராமையா வந்த அன்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. அந்தச் சாலையில் ஜெனரேட்டர் இருந்தது அண்ணாச்சிக்கு மட்டும்தான். ராமையா கச்சால் தீவில் ரப்பர் வெட்டுகிறவர். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கண் காட்ட போர்ட் பிளேர் வந்த இடத்தில் தாய் இறந்த செய்தி வந்திருக்கிறது. ஜெட்டியில் கப்பல் நின்றது. கவுன்ட்டரில் அடையாள அட்டையின் நகல் கேட்டிருக்கிறார்கள். அட்டை இருந்தது, நகல் இல்லை. அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அங்கே பிணத்தை வைத்திருக்க ஐஸ் கிடையாது.

"எங்கம்மா மோசம் போயிட்டாங்க தம்பி. கடைசி மகன் நாந்தான். நாந்தான் மண்ணு போடணும்."

எங்கள் கடையில் ஸ்கேனர் தனி, பிரின்டர் தனி. நடுவில் கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு தாள் வராது. ஜெனரேட்டரை இழுத்து, பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரை. வெள்ளைக் கோடு. டக், டக். ராமையாவுக்குப் பின்னால் சீரியல் வரிசை நின்றது. ஒரு அக்கா "கித்னா டைம் பையா", எவ்வளவு நேரம் தம்பி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அண்ணாச்சியிடம் சாவி கேட்டேன். தரவில்லை. இத்தனை பேருக்கு யார் பதில் சொல்வது என்றார். ராமையா கையைக் கூப்பினார். அண்ணாச்சி அவரைப் பார்க்காமலே, பென் டிரைவ்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"செத்த பொணம் எந்திரிச்சு ஓடியா போவும்? இரும்வே."

அப்போது ஜெட்டியில் சங்கு ஊதியது. கப்பல் நகர்ந்துவிட்டது. அது கிளம்புகிற சங்கு என்று இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

ராமையா மேஜையைத் தள்ளினார். கீழே இருந்த பெட்டியைக் குதிகாலால் மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். தகடு வளைந்தது, பூட்டு தெறித்தது, அவர் காலில் தகடு கிழித்து ரத்தம் வந்தது. உள்ளே கையை விட்டு அந்த ஹார்டிஸ்க்கை வயரோடு பிய்த்துச் சாலையில் வீசினார். அண்ணாச்சி ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். குறி ராமையாவின் தலை. நான் கையை நீட்டினேன். விரல் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. வலது கைக்கு அகப்பட்டது கீபோர்டு. அதை எடுத்து அண்ணாச்சியின் முகத்தில் அடித்தேன். கீழே விழுந்தபின் மறுபடியும் அடித்தேன். அறைக்கு ஓர் அடி, ஸ்டேப்ளருக்கு ஓர் அடி, அந்தத் தாய்க்கு ஓர் அடி. எழுத்துகள் தெறித்துத் தரையெல்லாம் உருண்டன. இழுத்துப் பிடித்தவர்கள் சீரியல் வரிசைக்காரர்கள். இன்றுவரை நான் அதற்கு வருத்தப்பட்டதில்லை. வருத்தப்படப்போவதும் இல்லை.

மூச்சு வாங்க நின்றபோதுதான் பார்த்தேன். மேஜை மேலே திரையில் முருகன் வேலோடு சிரித்துக்கொண்டிருந்தார். ஹார்டிஸ்க் போன மறுநொடி, நசுங்கிய அந்தப் பெட்டி தானாகக் கண் விழித்திருந்தது.

ராமையா திரையைப் பார்த்தார்.

"வந்துருச்சு தம்பி" என்றார். அட்டையை நீட்டி, "எடுத்துக் குடுங்க. அடுத்த கப்பலுக்கு ஆவும்" என்றார்.

கீபோர்டு இல்லை, மவுஸ் போதும். அண்ணாச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்க, ஒற்றைக் கையால் எடுத்துக் கொடுத்தேன். தாளின் ஓரத்தில் ரத்தம் பட்டிருந்தது, அவருடையதா என்னுடையதா தெரியாது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கிப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அந்தக் கடைக்கும் போகவில்லை.

நேற்று, ஓங்கிய கையை இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து வயரைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டர் உடனே வந்தது. "இதுக்கா அத்தான் இந்தக் கத்து கத்துனீங்க?" என்று மச்சினன் சிரித்தான்.

அண்ணாச்சியின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். கப்பலில் யாரும் ஹார்டிஸ்க் கொண்டுவருவதில்லை. மாமியார்கள் மெயின்லேண்டில் சாகிற அன்றே இங்கேயும் செத்துவிடுகிறார்கள். போன வாரம் கச்சால் போகிற பக்கத்து வீட்டுக்காரருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்த இடத்தில், போனில். கோணல் விரல் நீட்டிக்கொண்டிருக்க, கட்டை விரலால் அழுத்தினேன். முடிந்தது. நகல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.