கடக் என்றது முதுகு

என் அக்கா புருஷனின் முதுகில் ரப்பர் பூட்ஸோடு ஏறி மிதித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் தெரியவந்து ‘அடப்பாவி, இவனா!’ என்று காறித் துப்புவதற்குப் பதில் இப்போதே துப்பிவிடுங்கள்.

மாமாவை எங்கள் இறைச்சிக்கூடத்தில் கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள். மாட்டின் பின்தொடை ஒன்று எண்பது கிலோ வரும். கொக்கியிலிருந்து கழற்றித் தோளில் வாங்கி, ஈரத் தரையில் இருபது அடி நடந்து, லாரிக்குள் மாட்ட வேண்டும். மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராகத் தூக்குவார்கள். மாமா ஒற்றை ஆள்.

“ரெண்டு பேர் சேந்து தூக்க அது என்ன பொணமா?” என்பார்.

“பின்னே, உசிரோடவா இருக்கு?” என்று ஒருவன் சிரித்தான். அவனை லாரி மேடையிலிருந்து கீழே தள்ளிவிட்டார். அவனுக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், மாமாவுக்கு முஷ்டியில்.

தரையில் கிடக்கிற இறைச்சித் துண்டை எடுக்க அவர் முழங்காலை மடக்கி நான் பார்த்ததில்லை. இடுப்பை வளைப்பார், வெடுக்கென்று தூக்குவார், தூக்கிய வேகத்தில் உடம்பைத் திருகித் திரும்புவார். மூன்று வருடமாக இடுப்பு அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது. காலையில் குனிந்து சாக்ஸ் போட முடியாது. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். வலி வலது காலில் இறங்கிக் கெண்டைச்சதை வரை இழுக்கும். டாக்டரிடம் போகலாம் என்று அக்கா வாயைத் திறந்தால் சோற்றுத் தட்டு சுவரில் போய் அடிக்கும். “முதுகு வலிக்குதுன்னு படுக்கிறவன் ஆம்பளையாடி?” என்று கத்திவிட்டுத் தன் இடுப்பைத் தானே முஷ்டியால் குத்திக்கொள்வார்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. நான் வெட்டுக்காரன். தொங்குகிற மாட்டை முதுகெலும்போடு இரண்டாகப் பிளப்பது என் வேலை. பதினாறு வருட அனுபவம். எந்த இணைப்பில் கத்தியை வைத்தால் கடக்கென்று விட்டுக்கொடுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனால் கூடத்தில் எவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குப்புறப் படுக்கவைத்து, முள்ளெலும்பை விரலால் எண்ணி, குதிகாலால் ஒரு மிதி. கடக் என்று சத்தம் வந்தால் எலும்பு உட்கார்ந்துவிட்டது. எங்கள் வைத்திய சாஸ்திரம் அவ்வளவுதான். சில பேர் எழுந்து நடந்தார்கள். எழுந்து நடந்தவர்களை மட்டும்தான் நான் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

அன்று காலை கொக்கி நழுவியது. விழப்போன துண்டை மாமா பாதி குனிந்தபடியே திரும்பிப் பிடித்தார். ஒரு அலறல். வெட்டுக்குப் போகிற மாடுகூட அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. துண்டு அவர் மேலேயே விழுந்தது. மேற்பார்வையாளன் ஓடிவந்து, “என்ன கிரேன், டிராமாவா? லாரி நிக்குது, எழுந்திரு” என்று பூட்ஸ் முனையால் அவரை நெம்பினான். நான் அவன் வாயில் ஒன்று விட்டேன். பல் தெறித்தது. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

“விலகுங்கடா!” என்று கத்தி, மாமாவை வெட்டு மேஜையில் குப்புறப் போட்டேன். நான்கு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தார்கள். “வேணாம்டா மாப்ள, கொன்னுடாதே” என்று அவர் அழுதார். அந்த மனிதர் அழுது அன்றைக்குத்தான் பார்க்கிறேன். விரலால் இடம் பார்த்தேன். மேஜை மேல் ஏறினேன். என் எடையெல்லாம் குதிகாலில் இறக்கி மிதித்தேன்.

கடக்.

இன்னொரு அலறல். மெதுவாகத் தலையைத் தூக்கினார். “டேய்... வலி போயிடுச்சுடா!” கூடமே விசிலடித்தது. மூன்று வருடமாகக் காலில் இழுத்த வலி காணோம். மேஜையிலிருந்து இறங்கி என்னைக் கட்டிப்பிடித்தார். நடந்தபோது அவர் வலது பாதம் தரையில் தேய்ந்தது. “கொஞ்சம் மரத்துருக்கு, சரியாயிடும்” என்றேன். வாயில் என்ன வந்ததோ சொன்னேன். வீம்புக்கு இன்னும் இரண்டு துண்டு தூக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் முற்பகல் நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அக்கா கட்டில் ஓரத்தில் துணி தேய்த்துவிட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை ஒருக்களித்துப் படுக்கவைத்த வாக்கில் அங்கேயே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். மாமா கதை சொல்லிக்கொண்டே வந்து அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். துணி கருகும் நாற்றம் வந்தது. அப்புறம் வேறு நாற்றம். எனக்குத் தெரிந்த நாற்றம்.

அக்கா பாய்ந்து அவரைத் தரையில் இழுத்துப் போட்டாள். தொடையின் பின்பக்கம் தோல் வெந்து உரிந்திருந்தது. “என்னடி தள்றே?” என்றார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை! அப்போதுதான், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து சிறுநீர் போகவில்லை என்று சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் உட்காரும் இடத்தைச் சுற்றி ஊசி முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஒரு இடத்திலும் உணர்வில்லை. சட்டையைத் தூக்கினார். முதுகில் பூட்ஸ் அச்சு நீலமாக இருந்தது.

“யார் மிதிச்சது?”

“வழுக்கி விழுந்தேன்” என்றார் மாமா. என்னைப் பார்க்கவேயில்லை.

“நான்தாம்மா மிதிச்சேன்” என்றேன். “எனக்கு முதுகெலும்பு தெரியும். பதினாறு வருஷமா...”

முடிக்கவில்லை. அக்காவின் செருப்பு முகத்தில் விழுந்தது. “ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியனாம்! நீ ஆயிரம் மாட்டைக் கொன்னுட்டு முழு வைத்தியன் ஆயிட்டியாடா?” உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. நான் துடைக்கவில்லை.

டாக்டரம்மா கத்தவில்லை. “நீங்க பாத்ததெல்லாம் செத்த முதுகு. ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கு. அது கிழிஞ்சு பிதுங்கி, காலுக்கும் மூத்திரப்பைக்கும் போற நரம்புக் கத்தையை நெரிச்சிட்டிருக்கு. தூக்கினப்போ பிதுங்கிச்சா, நீங்க மிதிச்சப்போ பிதுங்கிச்சா, என்னால சொல்ல முடியாது. ஆனா வலி போச்சுன்னு ஒரு நாளைத் தொலைச்சிட்டீங்க. நரம்பு சாகுறப்பவும் வலி போகும். உடனே ஆபரேஷன் பண்ணணும். கால் வருமா, மூத்திரம் தானா போகுமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

அன்று மதியமே முதுகைத் திறந்தார்கள். பிறகு பன்னிரண்டு நாள் மாமா குழாயும் பையுமாகக் கிடந்தார். நான் அறைக்குள் போனால் கையில் கிடைத்ததை எறிவார். தம்ளர், மருந்துப் புட்டி, ஒருமுறை பிடித்து நடக்கக் கொடுத்த நடைவண்டியையே எறிந்தார். பயிற்சி கொடுக்க வந்த பெண் அவர் தோள் உயரம்கூட இல்லை. வண்டியை எடுத்து அவர் முன்னால் வைத்து, “இன்னொரு தடவை எறிங்க, கையாவது பலமாகும். ஆனா படுத்தே கிடந்தா முதுகு துருப்பிடிச்சிடும், நடங்க” என்றாள். உட்கார்ந்து எழுவதை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். முழங்காலை மடக்கு, எடுக்கிற பொருளை வயிற்றோடு அணை, திரும்பணும்னா பாதத்தைத் திருப்பு, இடுப்பைத் திருகாதே. முப்பது வருடம் தூக்கிய ஆள் ஒரு தலையணையைத் தூக்கப் பழகினார்.

பதின்மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். கழிவறைக்கு வெளியே அக்கா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அரை மணி நேரம். உள்ளே சொட்டுச் சொட்டாகச் சத்தம் கேட்டதும் அவள் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சிறுநீர் திரும்பியது. வலது பாதம் திரும்பவில்லை. இன்றும் அதைப் பட்டை வைத்துக் கட்டித்தான் நடக்கிறார்.

போன மாதம் கூடத்தில் ஒருவனுக்கு இடுப்பு பிடித்தது. “வாடா வைத்தியரே, ஏறு!” என்று கூப்பிட்டார்கள். நான் அவன் பக்கத்தில் குந்தி, “கால் மரத்திருக்கா? மூத்திரம் போகுதா? உக்காருற இடத்துல உணர்வு இருக்கா?” என்று கேட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஏறாவிட்டால் தான் ஏறுவதாக ஒருவன் பூட்ஸைத் தூக்கினான். அவனைக் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன், மூக்கு உடைந்தது. படுத்திருந்தவனை நானே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டேன். வெறும் தசைப்பிடிப்புதானாம், இரண்டே வாரத்தில் வேலைக்கு வந்துவிட்டான்.

இதை மாமாவிடம் போய்ச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று உங்களுக்கே தெரியும். அவர் கட்டிலில் உட்கார்ந்து, அசையாத அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார். உதவப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

“நீ மிதிக்கலேன்னா வேற எவனாச்சும் மிதிச்சிருப்பான்” என்றார். பட்டையின் கொக்கியை மாட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “ஆனா மிதிச்சது நீதானடா.”