அடுக்களையில் பறைந்தது

"என்ன பறையிறியள், அண்ணை?" என்று நான் கேட்டதும் சமையற்காரரின் அகப்பை சட்டிக்குள் அப்படியே நின்றது. அலுவலகங்களில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் ஆறேழு பேர் கொழும்பு வெள்ளவத்தையில் கூட்டாக வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு நான் வந்து சேர்ந்த முதல் நாள் அது. புகைக்குள் அவர் முணுமுணுத்தது விளங்காமல்தான் கேட்டேன். அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி நம்முட நாட்டுக்காரனோ?" என்றார். அவர் கொச்சிப் பக்கத்து மலையாளி. பேசுவதைப் பறைவது என்பார்கள் அவர்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். இரண்டும் ஒரே சொல் என்று அன்றுதான் அறிந்தேன்.

மற்றவர்கள் சிரித்தார்கள். கொழும்புக்கு வந்தால் "கதைக்கிறது" என்று சொல்லப் பழக வேண்டுமாம். பறையிறது பட்டிக்காட்டுப் பேச்சாம். வெள்ளைக்காரத் துரையின் மேசைக்கு முன்னால் "யெஸ் சேர்" தவிர வேறெதற்கும் வாய் திறக்காத ஆக்கள் எனக்குப் பேச்சுப் பழக்கினார்கள். நான் அவர்கள் சொல்லைக் கேட்கவில்லை. பின்னேரங்களில் அடுக்களைப் படியில் குந்தியிருந்து சமையற்காரரோடு பறைவேன். கொட்டாஞ்சேனையில் அவருக்குச் சிங்கள மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள். மகளுக்கு மலையாளம் வராது. "எனக்குப் பறைய ஆளில்லை தம்பி" என்பார். அத்தனை பேர் இருந்த வீட்டில் எனக்கும் அவரை விட்டால் ஆளில்லை.

பிறகு மலையாளிகளுக்கு எதிராகச் சிங்களவரின் கூட்டங்கள் தொடங்கின. அவர்கள் நம் வேலையைப் பறிக்கிறார்கள், அவர்களுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று காலிக்குப் போகும் வீதிச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு ஞாயிறு எங்கள் ஓட்டில் கல் விழுந்தது. அன்று சாப்பாட்டில் வீட்டுக்கு மூத்தவர், "கொச்சியானை அனுப்புவம். எங்களுக்கேன் வீண் தொல்லை?" என்றார்.

"நாங்களும் ஊர் விட்டு வந்தவைதானே?" என்றேன்.

"நாங்கள் இந்த நாட்டு ஆக்கள்" என்றார், மீன்குழம்பை இன்னொரு தரம் ஊற்றியபடி. குழம்பு வைத்தவர் கதவுக்கு அப்பால்தான் நின்றார். என் பேச்சு எடுபடவில்லை. அவரை வேலையால் நிற்பாட்டினார்கள்.

கொட்டாஞ்சேனையில் மனைவியின் தமையன்மாரும் அவரைப் படியேற விடவில்லை. கப்பலேறி ஊர் திரும்பத் தலைமன்னார் ரயில் பிடித்தவரை வழியனுப்பக் கோட்டை நிலையத்தில் நான் மட்டும் நின்றேன். அவர் ஜன்னலால் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "தம்பி, இனி இவிடே பறையண்டா. கதைக்கிறது என்று சொல்லு. இல்லெங்கில் ஆளுகள் தம்பியையும் கொச்சி என்று நினைக்கும்."

வெள்ளவத்தைக்குத் திரும்பும் ரயிலில் பக்கத்திலிருந்தவர், தனக்கும் துணை வேண்டுமென்றோ என்னவோ, "தம்பிக்கு எந்த ஊர்? கதைச்சுக்கொண்டு போவமே?" என்று தமிழில் அன்பாகத்தான் கேட்டார். வாய்வரை வந்த "பறைவம்" என்ற சொல்லை விழுங்கி, வேறு சொல் தேடி, பிறகுதான் பதில் சொன்னேன். இன்று கிழவனாகிவிட்டேன். தெரியாத மனிதர் முன்னால் இன்னமும் அப்படித் தேடித்தான் வாய் திறக்கிறேன்.