ஒரு கொடுவா, இரண்டு நல்லவர்கள்

சென்ற ஞாயிறன்று மாமல்லபுரத்தில் ஒரு மகளிர் மன்றத்தில் பேச அழைத்திருந்தார்கள். தலைப்பு – மனநிறைவு. ஆசைகளை ஒவ்வொன்றாக எப்படி இறக்கி வைப்பது என்று நான் விளக்க விளக்க, முதல் வரிசைப் பெண்மணி ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். பேசுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

வேண்டியிருந்தது... ஒரு கொடுவா மீன். ஓராண்டுக்குப் பிறகு, அன்று மாலை புனேயிலிருந்து மகள் வருவதாக இருந்தது. போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கொடுவாத் தலை போட்டுக் குழம்பு வைம்மா."

திரும்பும் வழியில், நெம்மேலி சாலையோரத்தில் கன்னியம்மாவின் மீன்கடை. ஐஸ் மேல் கடைசியாக ஒரே ஒரு கொடுவா. வால்பக்கம் நான் பிடித்தேன். அதே நொடியில் தலைப்பக்கம் இன்னொரு கை! நிமிர்ந்தால்... நோட்டுப் புத்தகப் பெண்மணி.

இருவருமே பிடியை விடவில்லை.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் இப்டி இஸ்துகினு கீறீங்க? வலையில மாட்னப்பகூட அது இவ்ளோ பேஜாரு படலம்மா!" என்றார் கன்னியம்மா.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கையை எடுத்தேன். "நீங்களே எடுத்துக்கோங்கம்மா."

"ஐயோ மேடம், உங்க பேச்சைக் கேட்டுட்டு நான் எடுப்பேனா? மாமியார் முதல் தடவையா என் கையால சாப்பிட வர்றாங்க... பரவாயில்ல, நீங்க எடுங்க."

"மாமியாரா? அப்ப கண்டிப்பா உங்களுக்குத்தான். எனக்கு மகள்தானே வர்றா..."

"மகளா! சேச்சே, நீங்கதான் மேடம்."

கவனித்தீர்களா? மீனுக்குப் போட்டியிட்டபோது ஆளுக்கு ஒரு கை போதுமாக இருந்தது. நல்லவர் பட்டத்துக்குப் போட்டி என்றதும் இரு கைகளையும் கூப்பிவிட்டோம். ஆசையைக்கூட விட்டுவிடலாம், ஆசையை விட்டவர் என்ற பெயரை விட யாருக்கு மனம் வருகிறது?

அப்போது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் வந்து நின்றார். "இன்னாக்கா, இது யாருக்கும் வேணாமா?"

"இவங்க பேசி முடிக்கறதுக்குள்ள கருவாடா பூடும். நீ எட்த்துகினு போ அண்ணாத்த!"

பைக் கிளம்பியது. நல்லவர்கள் இருவரும் வாய் பிளந்து நின்றோம். ஒரு கணம்தான்... பிறகு கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தோம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; நான் கன்னியம்மாவின் தராசைப் பிடித்துக்கொண்டு.

மாலையில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்காய்க் குழம்பைப் பிசைந்தபடியே கேட்டாள்: "தலையை ரெண்டாப் பொளந்து ஆளுக்குப் பாதி வாங்கியிருக்கலாமேம்மா?"

சாதாரண மனிதர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அது!