வண்டிக்கு முன்னே நடந்தவர்கள்

போன ஆவணியில் முள்ளியவளையில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வந்து இறங்கியது பழைய லாண்ட்றோவர் ஒன்றில். பச்சைப் பூச்சு அடித்து, மாலை போட்டு, மினுக்கி வைத்திருந்தார்கள். "நாற்பத்தெட்டாம் ஆண்டு வண்டி" என்றான் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெடியன். எனக்கு வாய் சும்மா இருக்காது. பக்கத் தகடு இடுப்பில் இப்படிப் புடைத்தது ஐம்பத்தெட்டுக்குப் பிறகுதான் என்று திருத்தினேன். அவன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனான். நான் பின்பக்கம் போய்ப் படங்குத் துணிக் கூரையை முகர்ந்து பார்த்தேன். ஈரப் படங்கும் பெற்றோலும். அதன்பிறகு நான் பந்திக்குப் போகவில்லை.

ஐம்பதுகளில் நான் மாங்குளத்தில், குளக்கட்டு வேலை எடுக்கும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் கணக்கப்பிள்ளை. அவரிடம் முதலில் இருந்தது, உலக யுத்தம் முடிந்து ஏலத்தில் எடுத்த ஜீப். கதவு கிடையாது, மழை எங்கள் மடியில் பெய்யும். சாரதி இராசையா அண்ணை, "ஜீப்பிலை வாறதெண்டால் ரெண்டு காலையும் மறக்காமக் கொண்டு வாங்கோ" என்பார். பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போவோம். மாரியில் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால், தெருவுக்கு மேலால் தண்ணீர் ஓடும். அங்கே ஒருவர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தடியால் தரையைக் குத்தியபடி முன்னே நடப்பார். அவர் கால் வைத்த வழியில்தான் சில்லு போகும். என்னையும் இரண்டொரு தரம் இறக்கிவிட்டார்கள். நான் நடந்த வழியை மட்டும் இராசையா அண்ணை நம்பவில்லை. தானும் இறங்கி வந்து குத்திப் பார்த்தார்.

பிறகு லாண்ட்றோவர் வந்தது. முதல் வந்தது குட்டை. முன்விளக்குகள் கிட்டக்கிட்ட, மாறுகண்போல. அதிலும் ஆட்கள் இறங்கி நடந்தார்கள், சிலவேளை. அறுபதுகளில் அகலமும் நீளமுமான மாதிரி வந்தது. பின்னால் எதிரெதிரே உட்கார வாங்குகள், கதவு, கண்ணாடி. அதிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை.

என் அக்காவும் அத்தானும் மாங்குளத்திலிருந்து முள்ளியவளைக்குப் போகும் தெருவில் ஒரு குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வயல் செய்தார்கள். நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து, ஒருவழியாக அக்கா வயிற்றில் ஒன்று தங்கியது. மார்கழி அடைமழையில், ஒரு காலை, நாளுக்கு முந்தி வலி கண்டது. அத்தான் சைக்கிளில் மாங்குளத்துக்கு ஓடி வந்தார். இராசையா அண்ணை புது லாண்ட்றோவரை எடுத்தார், நானும் ஏறினேன். அக்காவைப் பின் வாங்கில் படுக்கவைத்து, பக்கத்துக் காணி மாமியையும் துணைக்கு ஏற்றி, முல்லைத்தீவுப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு விட்டோம்.

வழியில் வான் பாய்ந்துகொண்டிருந்தது. அத்தான் கதவில் கை வைத்தார்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. நான் இறங்கி நடக்கிறன்."

"நீர் இரும். இதென்ன பழைய ஜீப்பே? இது நீந்தும்."

"குலுங்கினால் அவளுக்கு ஏலாது."

"நிண்டு நிண்டு போனால்தான் குலுங்கும்."

அக்காவும் முனகினாள்: "இருங்கோப்பா, நேரம் போகுது."

நடுவில் இடப்பக்கச் சில்லு கீழே போனது. தெருவின் ஓரத்தைத் தண்ணீர் அறுத்திருந்தது. ஒரு தடிக் குத்தில் தெரிந்திருக்கும். வண்டி சரிந்து, எஞ்சின் இருமி நின்றது. அக்காவைத் தூக்கிக்கொண்டு கடக்க நீரோட்டம் விடவில்லை. அத்தான் எப்படியோ கரையேறி உழவு மெசின் தேடி ஓடினார். அது வந்து எங்களை இழுத்தபோது பிள்ளை பிறந்திருந்தது. பெண். மாமி அதைத் திருப்பித் திருப்பித் தட்டினார். "அழு மோனை, ஒருக்கா அழு." அழவில்லை. கடைசியில் சேலைத் தலைப்பால் அதன் முகத்தை மூடினார்.

இராசையா அண்ணையை ஒருவரும் ஏசவில்லை. "ஏசுங்கோவன் தம்பி, ஒருக்கா ஏசுங்கோவன்" என்று அவர்தான் அத்தானைக் கெஞ்சினார்.

அக்காவுக்கு அதன்பிறகு பிள்ளை தங்கவில்லை. அந்த வழியால் பஸ்ஸில் போனால், அந்த இடத்தில் எழுந்துவிடுவாள். "தம்பி, நிப்பாட்டு. நான் முன்னாலை நடக்கிறன்." புழுதி பறக்கும் ஆடியிலும் அப்படித்தான். "தண்ணி எங்கையணை?" என்று புதுக் கொண்டக்டர்மார் சிரிப்பார்கள். சாரதிமாருக்குத் தெரியும், நிற்பாட்டுவார்கள். சனம் நிறைந்த பஸ், காய்ந்த தெருவில், அவள் நடைக்கு ஏற்றபடி பின்னால் உருண்டு வரும்.

இன்று அங்கே கொங்கிறீற் பாலம். அக்கா இல்லை, அத்தான் இல்லை, அந்தச் சாரதிமாரும் இல்லை. கலியாணம் முடிந்து நான் திரும்பி வந்த பஸ் பாலத்தில் வேகம் குறைக்கவேயில்லை.

"ஐயா, இறங்கப் போறியளோ?" என்று கொண்டக்டர் கேட்டபோதுதான் நான் எழுந்து நிற்பது தெரிந்தது.

"இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தேன்.