முள் அசையாத கை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் ஜெயவேல் வருகிறான் என்றால் வியாசர்பாடியில் இன்றைக்கும் டீக்கடை பெஞ்சில் இடம் விடுவார்கள். துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனேன். அதே இடத்தில் ஒரு கும்பலுக்கு மேஸ்திரி ஆனேன். பிறகு லாரி, பிறகு மாடி வீடு. எவன் சிபாரிசும் கிடையாது. எல்லாம் இந்த இரண்டு கை. உள்ளங்கை காய்த்துப் போய் கொட்டாங்கச்சி மாதிரி இருக்கும். எரிகிற பீடியை அதில் வைத்து நசுக்குவேன், சுடாது. இதை நான் காட்டாத ஆள் எங்கள் தெருவில் பாக்கியில்லை.

அந்தக் கையை ஒரு நாள் துண்டுக்குள் சுற்றி ஒளித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாயிரத்து இரண்டு, அரைப் பரீட்சை லீவு. பேங்க்கில் வேலை செய்யும் என் மகன் அறிவு வந்து சொன்னான்.

"நைனா, அடையாறு பக்கம் ஒரு மியூசியம் கீதாம். புள்ளைங்கள இட்டுகினு போறோம். நீயும் வா."

எழும்பூர் மியூசியத்தை எங்கள் பக்கம் செத்த காலேஜ் என்போம். மிருகக் காட்சி சாலை உயிர் காலேஜ். "இது இன்னா காலேஜுடா?" என்று கேட்டேன்.

"தொடுற காலேஜ், தாத்தா!" என்றாள் பேத்தி செங்கொடி. ஏழு வயது. "எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாக்கலாம்."

"தொடறதுக்குன்னா உங்க தாத்தாவ வுட்டா வேற ஆளு யாரு?" என்றேன். என் மனைவி பூவம்மா அடுப்படியிலிருந்தே, "யோவ், அங்க போயி எதையாச்சும் ஒடச்சி வெக்காத" என்றாள். அவள் முழங்கால் வலி என்று வரவில்லை. நல்லவேளை.

மருமகள் மதி, செங்கொடி, நாலு வயசு பீம்ராவ், அறிவு, நான். இரண்டு பஸ் மாறிப் போனோம். வழி முழுக்க செங்கொடி என் கையைத்தான் பிடித்திருந்தாள். காய்ப்பை நகத்தால் சுரண்டுவது அவளுக்கு ஒரு விளையாட்டு.

உள்ளே போனதும் அவளுடைய வகுப்புத் தோழி ஜெமிமா எதிரே வந்தாள். மொத்த அரிசிக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. கூட அவள் அம்மா ஞானசெல்வி, நாகர்கோவில் பக்கம். செங்கொடி என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"நான் சொன்னேன்ல, இவருதான் எங்க தாத்தா. நெருப்ப கையிலயே அணைப்பாரு."

ஜெமிமா நம்பாமல் பார்த்தாள். "சும்மா ரீல் வுடாத."

எனக்கு அது போதும். செங்கொடி சொன்னது பொய்யில்லை என்று அந்தப் பிள்ளைக்குக் காட்டாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு மேஜையைச் சுற்றிக் கூட்டம். மேலே இரண்டு தகடு, ஒன்று செம்பு, ஒன்று அலுமினியம். நடுவில் மீட்டர். விளக்கிச் சொல்லும் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். தகட்டுக்கு ஒரு கையாக இரண்டு கையையும் வைத்தால் உடம்பு பேட்டரி மாதிரி ஆகி முள் நகருமாம். ஜெமிமா வைத்தாள், முள் நகர்ந்தது. செங்கொடி வைத்தாள், நகர்ந்தது. பீம்ராவை அறிவு தூக்கிப் பிடித்தான், அவனுக்கும் நகர்ந்தது.

"தள்ளு, தள்ளு. இப்போ பாரு, முள்ளு பிச்சிகினு போவும்" என்று நான் கையை வைத்தேன்.

அசையவில்லை. அழுத்தினேன். அசையவில்லை.

"ஒங்க தாத்தாகிட்ட கரன்ட் இல்ல" என்றாள் ஜெமிமா. கூட்டம் சிரித்தது. செங்கொடி சிரிக்கவில்லை. என் கையையே பார்த்தாள்.

"உங்க கை ரொம்பக் காஞ்சிருக்கு ஐயா. கொஞ்சம் ஈரம் பண்ணிட்டு வைங்க" என்றாள் அந்தப் பெண்.

மூட்டைக்காரனுக்கு ஈரம் என்றால் ஒன்றுதான். மூட்டையைக் குத்தித் தூக்கும் கொக்கி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு பிடிப்போம். ஆயுசுக்கும் அப்படியே பிடித்தவன். யோசிக்கவே இல்லை. 'த்தூ' என்று இரண்டு கையிலும் துப்பி, பரபரவென்று தேய்த்து, தகட்டில் அறைந்தேன்.

முள் துள்ளியது. யாருக்கும் போகாத தூரம் போனது.

"பாத்தியா!" என்று கத்தியபடி திரும்பினேன். பின்னால் வரிசை இல்லை. எல்லோரும் ஓரடி பின்வாங்கி நின்றார்கள்.

"ஏட்டி ஜெமிமா, அதத் தொடாத. எச்சியாக்கும்" என்று ஞானசெல்வி மகளை இழுத்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

தகட்டுக்குப் பக்கத்திலேயே கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் இருந்தன. மேலே பலகையில் எழுதியும் இருந்ததாம். எனக்குப் பலகை படிக்கிற பழக்கம் ஏது?

அதற்குள் பீம்ராவ், "நானும், நானும்!" என்று தன் குட்டிக் கையில் துப்பினான். மதி பளாரென்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். மாமா என்ற மரியாதைக்கு என்னை ஒரு வார்த்தை சொல்லாதவள். அது யாருக்கு விழவேண்டிய அடி என்று எனக்குத் தெரியாதா?

அறிவு கைக்குட்டையை எடுத்துக் குனிந்து தகட்டைத் துடைத்தான். "பரவால்ல சார், நான் பாத்துக்கறேன்" என்று அந்தப் பெண் சொல்லச் சொல்லத் துடைத்தான். என் பிள்ளை எவன் முன்னாலும் துணி பிடித்துத் துடைக்கக் கூடாது என்றுதான் நான் மூட்டை தூக்கினேன்.

"வுடுடா, நான் தொடைக்கிறேன்" என்றேன்.

"நீ சும்மா இரு நைனா" என்றான். நிமிரவில்லை.

அதற்குப் பிறகு மீதி மியூசியத்தில் நான் எதையும் தொடவில்லை. வாசலில் இருந்த குழாயில் கையைக் கழுவினேன். சோப்பு வாங்கிவந்து மறுபடி கழுவினேன். கழுவினால் காய்ப்பு போகுமா?

பஸ் ஸ்டாப்புக்கு ரோடு தாண்ட வேண்டும். மதி இடுப்பில் பீம்ராவ், அறிவு கையில் பைகள். செங்கொடியை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டிகள் சர்சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. சுற்றியிருந்த துண்டை விலக்கிக் கையை நீட்டினேன்.

"கழுவிட்டேன் கண்ணு."

"தெரியும் தாத்தா" என்றாள்.

என் கையைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளங்கையை விட்டுவிட்டு, மேலே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.